கொழுப்பு அமிலம் உடைவதும் உருவாவதும்: புளியங்கொட்டை வைத்துப் படிக்க முழு வழிகாட்டி

கோபிச்செட்டிபாளையத்தில் மாலை நேரத்தில் நர்சிங், பார்மசி, பி.எஸ்சி. படிக்கிற பிள்ளைகளுக்கு உயிர்வேதியியல் சொல்லிக் கொடுக்கிறேன். கொழுப்பு அமிலப் பாடம் வந்தாலே முக்கால்வாசிப் பேர் நொதிகளின் பெயர்களை வரிசையாக மனப்பாடம் செய்ய உட்கார்ந்துவிடுகிறார்கள். அப்புறம் தேர்வில் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டால், உடைப்பதில் வர வேண்டிய நொதி கட்டுவதில் வந்து நிற்கிறது. நான் பார்த்தவரை இதற்குக் காரணம் படிக்கிற வரிசைதான். முதலில் எந்த அறை, அப்புறம் எத்தனை கார்பன், அப்புறம் ஹைட்ரஜனைச் சுமப்பது யார், கடைசியில்தான் நொதியின் பெயர். கீழே அந்த வரிசையிலேயே போகிறேன். ஒரே மூச்சில் படிக்க வேண்டாம். 9-ஆம் படி வரை ஒரு நாள், மீதி மறுநாள்.

1. உட்காரும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

16 புளியங்கொட்டை, 7 வெள்ளைக் கூழாங்கல், ஒரு சிட்டிகை சுண்ணாம்பு, ஒரு சிட்டிகை மஞ்சள்தூள், ஒரு பெரிய தாள். ஒரு கொட்டை ஒரு கார்பன். 16 கொட்டையை வரிசையாக வைத்தால் அதுதான் பால்மிடிக் அமிலம். சங்கிலியின் ஒரு முனையில் அமிலத் தொகுதி இருக்கிறது, அந்தக் கொட்டைக்குச் சுண்ணாம்புப் பொட்டு வையுங்கள். அதுதான் 1-ஆம் கார்பன். 2-ஆவது ஆல்ஃபா, 3-ஆவது பீட்டா. இந்தப் பொட்டை வைக்காமல் ஆரம்பிக்கிறவர்கள் பிற்பாடு எந்தப் பக்கம் வெட்டுவது என்று தடுமாறுகிறார்கள்.

தெரிந்திருக்க வேண்டியது கொஞ்சம்தான்: ஒரு அசிட்டைல் கோ-ஏ (கோஎன்சைம் ஏ ஒட்டிய 2 கார்பன் துண்டு) சிட்ரிக் அமிலச் சுழற்சிக்குள் போனால் 10 ஏடிபி (செல் செலவழிக்கிற ஆற்றல் காசு), ஹைட்ரஜன் சுமந்து வரும் ஒரு என்ஏடிஹெச்சுக்கு 2.5, ஒரு எஃப்ஏடிஹெச்2-க்கு 1.5. பழைய பாடநூல்களில் இவை 12, 3, 2 என்று இருக்கும். உங்கள் கல்லூரியில் எந்தக் கணக்கு ஓடுகிறது என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். போன வருடம் ஒரு பிள்ளை பாதிக் கணக்கைப் பழைய எண்ணிலும் பாதியைப் புது எண்ணிலும் போட்டு, வழி முழுக்கச் சரியாக எழுதியும் விடைக்கு மதிப்பெண் வாங்கவில்லை. எனக்கு இன்னமும் அது மனசில் கிடக்கிறது.

2. அறையைப் பிரியுங்கள்

தாளில் இரட்டைக் கோட்டில் ஒரு பெரிய வட்டம் போடுங்கள். உள்ளே மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்குள் எரிபொருள் எரிகிற அறை), வெளியே சைட்டோசால் (அந்த அறையைச் சுற்றி இருக்கும் செல்லின் திரவம்). உடைப்பது உள்ளே. கட்டுவது வெளியே.

இதை முதலில் எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டும் ஒரே அறையில் நடந்தால், கட்டின சங்கிலி அடுத்த நிமிடமே உடைந்துபோய் ஏடிபி வீணாகத்தான் போகும். சுவர் இருப்பதால்தான் உடம்பு இரண்டில் ஒன்றை நிறுத்தி இன்னொன்றை நடத்த முடிகிறது. அப்புறம், உள்ளே ஹைட்ரஜனைச் சுமப்பவை எஃப்ஏடியும் என்ஏடியும். வெளியே கொண்டுவந்து கொடுப்பது என்ஏடிபிஹெச். "கட்டுவது என்றால் உடைப்பதைத் தலைகீழாக எழுது" என்று சில கைடுகளில் இருக்கிறது, அதை நம்பாதீர்கள். அறை வேறு, நொதி வேறு, சுமப்பவர் வேறு.

3. கிடங்கிலிருந்து சரக்கு இறங்குவது

ராத்திரி 8 மணிக்கு அரிசிம்பருப்புச் சாதம் சாப்பிட்டுப் படுத்தவர் காலை எழும்போது ரத்தத்தில் இன்சுலின் இறங்கியிருக்கும், குளுக்ககான் ஏறியிருக்கும். இன்சுலினின் பிடி தளர்ந்ததும் கொழுப்புத் திசுவில் லிப்பேஸ் நொதிகள் வேலையை ஆரம்பிக்கின்றன. வேகமாக நடந்தால், பயந்தால், அட்ரினலினும் அவற்றை முடுக்கிவிடும். ஒரு டிரைகிளிசரைடு (சேமித்து வைத்த கொழுப்பு மூலக்கூறு) உடைந்தால் மூன்று கொழுப்பு அமிலம், ஒரு கிளிசரால்.

கொழுப்பு அமிலம் தண்ணீரில் கரையாது, அதனால் ரத்தத்தில் அல்புமின் புரதம் அதைச் சுமந்து போகிறது. கிளிசரால் கல்லீரலுக்குப் போய் குளுக்கோஸாக மாற முடியும். இந்தக் கிளிசராலை விட்டுவிடாமல் குறித்துக்கொள்ளுங்கள், 9-ஆம் படியில் தேவைப்படும்.

யார் இதை எரிக்க முடியாது என்பதையும் இங்கேயே எழுதிவிடுங்கள். சிவப்பணுவில் மைட்டோகாண்ட்ரியா இல்லை, அதனால் அதற்குக் கொழுப்பு உதவாது. மூளையும் கொழுப்பு அமிலத்தை எரிபொருளாக எடுத்துக்கொள்வதில்லை.

4. கோ-ஏ ஒட்டுவது

செல்லுக்குள் வந்த கொழுப்பு அமிலம் அப்படியே எரியாது. சுண்ணாம்பு முனையில் கோ-ஏ ஒட்ட வேண்டும். இதைச் செய்வது அசைல் கோ-ஏ சிந்தட்டேஸ், இடம் மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வு.

இங்கே ஒரு ஏடிபிதான் செலவாகிறது, ஆனால் கணக்கில் 2 என்று எழுதுகிறோம். ஏடிபி (ATP) ஒரு பாஸ்பேட் மட்டும் இழந்து ADP-யாக நிற்பதில்லை, இரண்டை இழந்து ஏஎம்பி (AMP) ஆகிவிடுகிறது. இரண்டு உயர் ஆற்றல் பிணைப்பும் போய்விடுகின்றன. அந்த ஏஎம்பியை ஏடிபி நிலைக்குத் திரும்பக் கொண்டுவர இரண்டு பிணைப்புக்கான செலவு ஆகும். எத்தனை கார்பன் சங்கிலியாக இருந்தாலும் இது ஒரே தடவைதான். சுற்றுக்கு ஒருமுறை 2 கழிப்பவர்களை வருடா வருடம் பார்க்கிறேன்.

5. கார்னிடைன் வாசல்

கோ-ஏ ஒட்டிய நீண்ட சங்கிலி உட்சவ்வைத் தாண்ட முடியாது. அதனால் வாசலில் கோ-ஏயைக் கழற்றி கார்னிடைன் என்ற சிறு மூலக்கூறை மாட்ட வேண்டும். சிபிடி-1 என்ற நொதி வெளிச்சவ்வில் இதைச் செய்கிறது. உட்சவ்வில் இருக்கும் கடத்தி அசைல்கார்னிடைனை உள்ளே விட்டு, காலி கார்னிடைனை வெளியே அனுப்புகிறது. உள்ளே சிபிடி-2 கார்னிடைனைக் கழற்றி மறுபடி கோ-ஏயை மாட்டிவிடுகிறது.

இந்தப் படியில் ஏடிபி செலவு இல்லை. கார்பன் எண்ணிக்கையும் மாறாது. இவ்வளவு சின்ன வேலைக்கு ஏன் தனித்தலைப்பு என்று கேட்பார்கள். மொத்தப் பாதைக்கும் பூட்டு இந்த சிபிடி-1 தான். தாளில் அந்த இடத்தில் ஒரு பூட்டுப் படம் போட்டு வையுங்கள், 14-ஆம் படியில் அதற்குச் சாவி தருகிறேன்.

6. ஒரு சுற்றில் நான்கு வேலை

நொதிப் பெயருக்கு முன்னால் வேலையைச் சொல்லிப் பழகுங்கள்: ஹைட்ரஜன் எடு, தண்ணீர் சேர், ஹைட்ரஜன் எடு, வெட்டு.

முதல் வேலை, ஆல்ஃபாவுக்கும் பீட்டாவுக்கும் நடுவில் ஹைட்ரஜனை எடுத்து இரட்டைப் பிணைப்பு உண்டாக்குவது. சுமப்பவர் எஃப்ஏடி, நொதி அசைல் கோ-ஏ டிஹைட்ரஜனேஸ். இரண்டாவது, அந்த இரட்டைப் பிணைப்பில் தண்ணீரைச் சேர்ப்பது, பீட்டா கார்பனுக்கு ஒரு ஹைட்ராக்சில் கிடைக்கிறது. நொதி ஈனாயில் கோ-ஏ ஹைட்ரட்டேஸ். மூன்றாவது, அந்த ஹைட்ராக்சிலிலிருந்து ஹைட்ரஜனை எடுத்து கீட்டோ ஆக்குவது. இங்கே சுமப்பவர் என்ஏடி, நொதி ஹைட்ராக்சிஅசைல் கோ-ஏ டிஹைட்ரஜனேஸ். நான்காவது, தயோலேஸ் வந்து புதிய கோ-ஏ ஒன்றை வைத்து வெட்டுகிறது. 2 கார்பன் அசிட்டைல் கோ-ஏயாக விழுகிறது, மீதி 14 கார்பன் கோ-ஏயுடன் தயாராக நிற்கிறது.

ஏன் நேராக வெட்டாமல் மூன்று வேலை சுற்றிவர வேண்டும்? வெறும் கார்பன்–கார்பன் ஒற்றைப் பிணைப்பு சுலபத்தில் விடாது. பக்கத்தில் ஒரு கீட்டோ வந்தால்தான் இளகும். முதல் மூன்று வேலையும் பீட்டா கார்பனில் அந்தக் கீட்டோவைக் கொண்டுவரத்தான். பீட்டா ஆக்சிஜனேற்றம் என்ற பெயரும் இதனால்தான்.

இன்னொன்று கவனியுங்கள். சிட்ரிக் அமிலச் சுழற்சியில் சக்சினேட், ஃபியூமரேட் ஆகி, மாலேட் ஆகி, ஆக்சலோஅசிட்டேட் ஆகிறதே, அங்கேயும் இதே எஃப்ஏடி, தண்ணீர், என்ஏடி வரிசைதான். அது மனசில் இருந்தால் இது தனியாகப் படிக்க வேண்டிய பாடமே இல்லை.

7. வெட்டையும் துண்டையும் எண்ணுங்கள்

கணக்கில் அதிகம் பேர் விழுகிற இடம் இது. சத்தியமங்கலத்திலிருந்து வருகிற ஒரு பெண் கேட்டாள்: "அக்கா, 16-ஐ 2-ஆல வகுத்தா 8 தானுங்க? அப்ப 8 சுற்று தானுங்களே?"

"கொட்டையை வரிசையா வை கண்ணு. சுண்ணாம்புப் பக்கமிருந்து ரெண்டு ரெண்டாத் தள்ளு. எத்தனை தடவை கை போகுதுன்னு மட்டும் எண்ணு."

அவள் ஆள்காட்டி விரலால் இரண்டு கொட்டையைத் தள்ளினாள், அடுத்து முன்னால் நின்ற கொட்டைக்குச் சுண்ணாம்பு வைத்தாள், மறுபடி தள்ளினாள். ஏழாவது தடவை தள்ளியதும் விரல் அப்படியே நின்றது. தரையில் கடைசியாகக் கிடந்தது இரண்டே கொட்டை. அதைத் தள்ள வேண்டியதே இல்லை, அதுவே ஒரு அசிட்டைல் கோ-ஏ. "ஏழு தானுங்கக்கா" என்று அவளே சொன்னாள், அதற்கப்புறம் அவளுக்கு இந்தக் கணக்கு தப்பியதே இல்லை.

ஆக, வெட்டு 7, துண்டு 8. ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு எஃப்ஏடிஹெச்2, ஒரு என்ஏடிஹெச். கணக்கை இப்படி எழுதுங்கள்:

8 அசிட்டைல் கோ-ஏ × 10 = 80
7 எஃப்ஏடிஹெச்2 × 1.5 = 10.5
7 என்ஏடிஹெச் × 2.5 = 17.5
மொத்தம் 108
கோ-ஏ ஒட்டிய செலவு 2
நிகரம் 106 ஏடிபி

பழைய எண்ணில் போட்டால் 96 + 14 + 21 = 131, அதில் 2 போக 129. இரண்டும் அந்தந்தக் கணக்குப்படி சரியானவையே, கலக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இதைக் குளுக்கோஸோடு ஒப்பிட்டுப் பார்த்தால் கொழுப்பை ஏன் உடம்பு சேமிக்கிறது என்று புரியும். 6 கார்பன் குளுக்கோஸ் அதிகபட்சம் 32 ஏடிபி தருகிறது. எடைக்கு எடை பார்த்தால் 180 கிராம் குளுக்கோஸில் 32 மோல், 256 கிராம் பால்மிடிக் அமிலத்தில் 106 மோல், அதாவது கிராமுக்கு இரண்டு மடங்குக்கும் மேல். கொழுப்பில் கிராமுக்கு 9 கிலோகலோரி, மாவுச்சத்தில் 4 என்று கணக்கிடுவதும் இதே கதைதான். கொழுப்பின் கார்பன்களில் ஹைட்ரஜன் நிறைய இருக்கிறது, எடுக்க நிறைய இருந்தால் கிடைப்பதும் நிறைய.

8. நேர்வழியில் போகாத கொழுப்புகள்

நம் வீட்டு எண்ணெயை எடுத்தாலே எல்லா வகையும் வந்துவிடும்.

காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் களத்தில் காயும் கொப்பரையிலிருந்து வரும் தேங்காயெண்ணெயில் ஏறக்குறையப் பாதி லாரிக் அமிலம், 12 கார்பன். வெட்டு 5, துண்டு 6. 60 + 7.5 + 12.5 = 80, அதில் 2 போக 78. தேங்காயெண்ணெய் முழுக்கவே கார்னிடைன் இல்லாமல் உள்ளே போய்விடும் என்று சிலர் எழுதுகிறார்கள். அப்படிச் சுலபமாகப் போவது முக்கியமாக 8, 10 கார்பன் சங்கிலிகள், அவை தேங்காயெண்ணெயில் கொஞ்சம்தான். லாரிக் நடுவில் நிற்கிறது, குடலிலிருந்து அதன் பெரும்பகுதி நீண்ட சங்கிலிகளைப் போல நிணநீர் வழியாகத்தான் போகிறது.

கடலெண்ணெயில் (நிலக்கடலை எண்ணெய்) அதிகம் இருப்பவை ஒலியிக், லினோலியிக். ஒலியிக் 18 கார்பன், 9-ஆவது கார்பனில் ஏற்கெனவே ஒரு இரட்டைப் பிணைப்பு. மூன்று சுற்று முடிந்ததும் அது 3-ஆவது கார்பனுக்கு வந்துவிடும், தேவைப்படுவதோ 2-இல். ஐசோமரேஸ் என்ற நொதி அதை நகர்த்தி வைக்கிறது. இரட்டைப் பிணைப்பு கையிலேயே இருப்பதால் அந்தச் சுற்றில் எஃப்ஏடி வேலை இல்லை, ஒரு எஃப்ஏடிஹெச்2 குறையும். 18 கார்பன் ஸ்டியரிக் 120 தரும், ஒலியிக் 118.5. லினோலியிக்கில் இரண்டு இரட்டைப் பிணைப்பு, அதற்கு ஐசோமரேஸோடு ஒரு ரிடக்டேஸும் வேண்டும்.

ஊத்துக்குளி வெண்ணெயை எடுத்தால் 4 கார்பன் பியூட்டிரிக் அமிலம் இருக்கிறது, மிகக் கொஞ்சமாக 15, 17 கார்பன் ஒற்றைப்படைச் சங்கிலிகளும் இருக்கின்றன. 17 கொட்டையை வைத்து இரண்டிரண்டாகத் தள்ளினால் கடைசியில் மூன்று மிஞ்சும். அது புரோப்பியோனைல் கோ-ஏ. பயோட்டின் துணையோடு ஒரு கார்பன் சேர்ந்து, பி12 துணையோடு உருமாறி சக்சினைல் கோ-ஏ ஆகிறது. பி12 குறைந்தவர்களுக்கு மீத்தைல்மலோனிக் அமிலம் ரத்தத்தில் ஏறுவது இந்த இடம் அடைபடுவதால்தான்.

22 கார்பனுக்கு மேற்பட்ட மிக நீண்ட சங்கிலிகள் முதலில் பெராக்சிசோம் என்ற வேறொரு அறையில் குட்டையாக்கப்பட்டு அப்புறம்தான் மைட்டோகாண்ட்ரியாவுக்கு வரும்.

9. அசிட்டைல் கோ-ஏ குவிந்தால்

நீண்ட பட்டினியில் கல்லீரல் ஆக்சலோஅசிட்டேட்டைக் குளுக்கோஸ் செய்ய இழுத்துக்கொள்கிறது. அசிட்டைல் கோ-ஏ வந்துகொண்டே இருக்கிறது, சுழற்சியில் சேர ஜோடி இல்லை. அப்போது கல்லீரல் மைட்டோகாண்ட்ரியா அதை அசிட்டோஅசிட்டேட்டாகவும் பீட்டா ஹைட்ராக்சிபியூட்டிரேட்டாகவும் மாற்றி ரத்தத்தில் விடுகிறது, இவற்றைத்தான் கீட்டோன் என்கிறோம். மூளை இதை எரிக்கும், இதயமும் தசையும் எரிக்கும். செய்கிற கல்லீரலால் மட்டும் முடியாது, கீட்டோனை எரிக்கத் தேவையான தயோஃபோரேஸ் நொதி அதனிடம் இல்லை.

அசிட்டைல் கோ-ஏயிலிருந்து குளுக்கோஸ் வருமா என்ற கேள்விக்கு வராது என்று எழுதுங்கள். பைருவேட்டிலிருந்து அசிட்டைல் கோ-ஏ போகிற வழி ஒருவழிப்பாதை. சுழற்சிக்குள் 2 கார்பன் போனால் 2 கார்பன் டை ஆக்சைடாக வெளியே போய்விடுகிறது, மிச்சம் எதுவும் நிற்காது. கொழுப்பிலிருந்து குளுக்கோஸுக்குப் போகக்கூடியவை 3-ஆம் படியின் கிளிசராலும், ஒற்றைப்படைச் சங்கிலியின் கடைசி மூன்று கார்பனும்தான்.

நர்சிங் படிக்கிறவர்கள் இதைப் பாடமாக மட்டும் வைத்துக்கொள்ள வேண்டாம். இன்சுலின் போடுகிற சர்க்கரை நோயாளிக்கு வாந்தி, வயிற்றுவலி, வேகமான ஆழ்ந்த மூச்சு, மூச்சில் பழ வாசனை இருந்தால் கீட்டோன் கட்டுமீறிப் போயிருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும், வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது.

10. கட்டும் வேலை: சரக்கை வெளியே கொண்டுவாருங்கள்

இரண்டாம் நாள் தாளின் மறுபக்கம் அதே வட்டத்தைப் போடுங்கள். கட்டும் வேலை முக்கியமாகக் கல்லீரல், கொழுப்புத் திசு, பால் கொடுக்கும் தாயின் மார்புச் சுரப்பி இவற்றில் நடக்கிறது. அசிட்டைல் கோ-ஏ உள்ளே இருக்கிறது, வேலையோ வெளியே. அசிட்டைல் கோ-ஏயால் உட்சவ்வைத் தாண்ட முடியாது.

அதனால் அது ஆக்சலோஅசிட்டேட்டோடு சேர்ந்து சிட்ரேட்டாக வெளியே வருகிறது. வயிறு நிறைந்து ஏடிபி போதுமான அளவு இருக்கும்போது சுழற்சி மெதுவாகி சிட்ரேட் தேங்கும், தேங்கினதுதான் வெளியே வரும். வெளியே ஏடிபி சிட்ரேட் லையேஸ் அதை மறுபடி அசிட்டைல் கோ-ஏ, ஆக்சலோஅசிட்டேட் என்று பிரிக்கிறது. ஆக்சலோஅசிட்டேட் மாலேட் ஆகி, மாலிக் நொதியால் பைருவேட் ஆகி உள்ளே திரும்பிப் போகிறது. அந்த மாலிக் நொதிப் படியில் ஒரு என்ஏடிபிஹெச் கிடைக்கிறது, அதை ஓரத்தில் குறித்து வையுங்கள்.

கார்னிடைன் உள்ளே கொண்டுபோவதற்கு, சிட்ரேட் வெளியே கொண்டுவருவதற்கு. இதை மாற்றி எழுதாதவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

11. மலோனைல்: கூழாங்கல்லை ஒட்டுவது

ஒரு ஜோடி கொட்டையை எடுத்து அதன் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கூழாங்கல்லை வையுங்கள். 2 கார்பன் அசிட்டைல் கோ-ஏ 3 கார்பன் மலோனைல் கோ-ஏ ஆகிவிட்டது. கூழாங்கல் பைகார்பனேட்டிலிருந்து வந்த கார்பன். நொதி அசிட்டைல் கோ-ஏ கார்பாக்சிலேஸ், துணைக்குப் பயோட்டின், செலவு 1 ஏடிபி. மொத்தப் பாதையின் வேகத்தைத் தீர்மானிக்கிற படி இதுதான்.

இப்படி 7 ஜோடிக்குக் கல் வையுங்கள். எட்டாவது ஜோடிக்குக் கல் வேண்டாம், அதற்கு மஞ்சள் தடவுங்கள். ஈரோட்டுக்காரர்களுக்கு மஞ்சளுக்கா பஞ்சம்! அந்த ஜோடிதான் ஆரம்பம்.

12. ஏழு சுற்று ஒட்டுவது

கொழுப்பு அமில சிந்தேஸ் ஒரு பெரிய புரதம், எல்லா வேலையையும் அதுவே செய்கிறது. அதற்கு இரண்டு பிடி உண்டு: ஒன்று சிஸ்டீன், இன்னொன்று அசைல் கடத்திப் புரதத்தின் நீண்ட கை. அந்தக் கை பான்டோதெனிக் அமிலத்திலிருந்து, அதாவது பி5-இலிருந்து வந்தது. மஞ்சள் ஜோடி சிஸ்டீன் பிடியில் உட்காரும். கல் வைத்த ஜோடி கையில் உட்காரும்.

வேலை வரிசை: ஒட்டு, ஹைட்ரஜன் கொடு, தண்ணீர் எடு, ஹைட்ரஜன் கொடு. ஹைட்ரஜன் கொடுப்பது இரண்டு தடவையும் என்ஏடிபிஹெச்.

ஒட்டும்போது நடப்பதைக் கொட்டையில் செய்து பாருங்கள். கல்லைத் தூக்கி வெளியே போடுங்கள், அது கார்பன் டை ஆக்சைடாகப் போய்விட்டது. அந்த இடத்தில் மஞ்சள் ஜோடி வந்து ஒட்டுகிறது. போட்ட கல்லையே எடுத்துவிடுகிறோமே, எதற்கு ஏடிபி செலவழித்து வைத்தோம் என்று கேட்பீர்கள். கல் வெளியேறுவதுதான் ஒட்டுகிற வேலையை முன்னுக்குத் தள்ளுகிறது, திரும்ப முடியாதபடி ஆக்குகிறது. 11-ஆம் படியில் போட்ட ஏடிபி இங்கே வேலை செய்கிறது. இதனால்தான் பைகார்பனேட்டின் கார்பனுக்கு அடையாளம் போட்டு அனுப்பினால் பால்மிடிக் அமிலத்தில் அது கிடைக்காது. சுற்றுக்கு 3 கார்பன் சேரும் என்று எழுதுகிறவர்கள் கல்லைத் தூக்க மறந்தவர்கள்.

சுற்று முடிந்ததும் 4 கார்பன் சங்கிலி கையிலிருந்து சிஸ்டீனுக்கு மாறும், கை அடுத்த மலோனைலை வாங்கும். ஏழு சுற்றும் போட்டு முடித்துவிட்டு மஞ்சள் கொட்டை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சுண்ணாம்பு முனையிலிருந்து எண்ணினால் 15, 16. முதலில் வந்த ஜோடி கடைசி முனைக்குப் போய்விட்டது, புதிது புதிதாக வந்தவை எல்லாம் அமில முனையில் சேர்ந்தன. 16 ஆனதும் தயோஎஸ்டரேஸ் சங்கிலியை அறுத்து விட்டுவிடும்.

இதற்கு மேல் நீட்டுவது, இரட்டைப் பிணைப்பு போடுவது எல்லாம் எண்டோபிளாச வலையில். மனித உடம்பு 9-ஆவது கார்பனைத் தாண்டி இரட்டைப் பிணைப்பு போடாது. அதனால் லினோலியிக், ஆல்ஃபா லினோலெனிக் இரண்டும் சாப்பாட்டில் வந்தே ஆக வேண்டும். தேங்காயெண்ணெயில் லினோலியிக் மிகக் குறைவு, கடலெண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் நன்றாக இருக்கிறது. மூன்றையும் மாற்றி மாற்றிப் புழங்குகிற சமையலறை லினோலியிக் விஷயத்தில் நல்ல சமையலறை.

13. செலவுக் கணக்கு

7 சுற்று, சுற்றுக்கு 2 என்ஏடிபிஹெச், ஆக 14. மலோனைல் செய்ய 7 ஏடிபி. 14 என்ஏடிபிஹெச் எங்கிருந்து? 8 அசிட்டைல் கோ-ஏ வெளியே வந்தபோது மாலிக் நொதி வழியாக 8 கிடைத்தது, மீதி 6, குளுக்கோஸ் போகிற இன்னொரு வழியான பென்டோஸ் பாஸ்பேட் பாதையிலிருந்து. சிட்ரேட் லையேஸுக்கு ஆகும் 8 ஏடிபியைப் பல பாடநூல்கள் இதில் சேர்ப்பதில்லை. சேர்த்தீர்களா இல்லையா என்று ஒரு வரி எழுதிவிடுங்கள், திருத்துகிறவருக்குச் சந்தேகம் வராது.

14. ஒரே பூட்டு, ஒரே சாவி

5-ஆம் படியில் போட்ட பூட்டுக்கு வருவோம். சிபிடி-1-ஐ அடைப்பது மலோனைல் கோ-ஏ. கட்டும் வேலையின் முதல் சரக்கே உடைக்கும் வேலையின் வாசலைச் சாத்துகிறது. இதைப் புரிந்துகொண்டால் மற்ற ஒழுங்குமுறை எல்லாம் இதிலிருந்தே வந்துவிடும்.

சாப்பிட்டதும் இன்சுலின் ஏறி கார்பாக்சிலேஸில் இருக்கும் பாஸ்பேட்டைக் கழற்றச் செய்கிறது, நொதி வேலை செய்யும், மலோனைல் ஏறும், வாசல் சாத்தும். சிட்ரேட்டும் அந்த நொதியைத் தூண்டும். பட்டினியில் குளுக்ககான் வழியாகவும், செல்லில் ஏஎம்பி ஏறும்போது விழிக்கிற ஏஎம்பிகே என்ற நொதி வழியாகவும் பாஸ்பேட் ஒட்டும், நொதி நிற்கும், மலோனைல் இறங்கும், வாசல் திறக்கும். பால்மிடைல் கோ-ஏ அதிகமானாலும் கார்பாக்சிலேஸ் அடங்கும். தசை பெரிதாகக் கொழுப்புக் கட்டுவதில்லை, ஆனாலும் அங்கேயும் கார்பாக்சிலேஸின் ஒரு வகை இருக்கிறது, வாசலைக் காக்க மட்டும்.

"சோறு அதிகம் சாப்பிட்டால் சோறே கொழுப்பாகிவிடும்" என்று எல்லாரும் சொல்கிறோம். கல்லீரல் அப்படிச் செய்யும், ஆனால் வழக்கமான சாப்பாட்டில் அதன் பங்கு சிறிது. பெரிதாக நடப்பது வாசல் சாத்தப்படுவது: சோற்றிலிருந்து வந்த குளுக்கோஸ் எரியும்போது, கூடவே சாப்பிட்ட எண்ணெயும் நெய்யும் எரியாமல் கிடங்குக்குப் போகின்றன.

15. பழனிப் பாதையில் சோதித்துப் பாருங்கள்

தைப்பூசத்துக்கு ஈரோட்டுப் பக்கமிருந்து பழனிக்கு நடக்கிற ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தை மூடிவிட்டு இந்தக் கேள்விகளுக்கு எழுதுங்கள்.

விடிகாலை 4 மணி, வெறும் வயிறு, இரண்டு மணி நேரமாக நடக்கிறார். தொடைத் தசையில் வாசல் திறந்திருக்கிறதா? திறந்திருக்கும்: இன்சுலின் குறைவு, நடையால் ஏஎம்பிகே விழித்திருக்கிறது, மலோனைல் இறங்கியிருக்கும். கிளைக்கோஜனும் கூடவே எரியும், அதை விட்டுவிடாதீர்கள்.

மதியம் அன்னதானத்தில் வயிறாரச் சாப்பிட்டு மரத்தடியில் படுக்கிறார். ஒரு மணி நேரம் கழித்துக் கல்லீரலில்? சிட்ரேட் வெளியே வருகிறது, மலோனைல் ஏறுகிறது, வாசல் சாத்தியாயிற்று, கீட்டோன் செய்வதும் நிற்கிறது.

இந்த நேரம் முழுக்க அவருடைய சிவப்பணு என்ன எரித்தது? குளுக்கோஸ் மட்டும்.

சாயங்காலம் கடலை மிட்டாய் வாங்கித் தின்கிறார். அதிலிருக்கும் ஒரு ஒலியிக் அமிலம் மறுநாள் காலை நடையில் முழுதாக உடைகிறது. பீட்டா ஆக்சிஜனேற்றத்தில் மட்டும் எத்தனை எஃப்ஏடிஹெச்2? விடை 7. உங்களுக்கு 8 வந்திருந்தால் 18 கொட்டையை எடுத்துக்கொண்டு 8-ஆம் படிக்குத் திரும்பிப் போங்கள், மூன்றாவது வெட்டில் நிறுத்தி இரட்டைப் பிணைப்பு எங்கே வந்து நிற்கிறது என்று பாருங்கள்.